கண்ணாடி வித்தை அப்புறம்... முதல்ல எழுத்து தெரியட்டும்!

புது லேப்டாப்பில் பழைய சாஃப்ட்வேரைத் திறந்தால் பட்டன்கள் எறும்பு சைஸில் இருக்கின்றன. பெரிதாக்கினால் மங்கிவிடுகின்றன. ஏன் இப்படி?

காஞ்சிபுரம் பட்டுச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். கட்டங்கள்தான் நூல் கணக்கு. சின்ன மயிலை அப்படியே நாலு மடங்காக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். புதிதாகத்தான் வரைய வேண்டும். பிக்சல் ஐகானும் அப்படித்தான். வெக்டார் ஐகானில் வளைவுகள் கணக்காகவே பதிவாகியிருக்கும். அதனால் எந்தத் திரையிலும் கூர்மை குறையாது.

சரி, ஆழம்? மயில்கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். அசைத்தால் நிறம் மாறும். துணி என்னவோ தட்டைதான். திரையில் அந்த வேலையை நிழல் செய்கிறது. எந்த விண்டோ மேலே இருக்கிறது என்று காட்டும். அதுவரை பயன்தான்.

ஆனால் 2007-ல் விஸ்டாவின் 'ஏரோ', 2025-ல் ஆப்பிளின் 'லிக்விட் கிளாஸ்' என்று கண்ணாடி மோகம் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் இருக்கும் படம் ஊடுருவித் தெரிந்தால், 'ண'வில் எத்தனை சுழி என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் திரையைப் பார்க்கிறவர்களுக்குப் பளபளப்பைவிடத் தெளிவுதான் முக்கியம். செட்டிங்ஸில் 'டிரான்ஸ்பரன்சி'யைக் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.