பெற்ற தாய்க்கும் குலுக்கலா?

கோவையில் மில் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு, ஊரில் தாய் படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று சேதி வந்தால் என்ன செய்வான்? ஒருநாள் கூலி போனால் போகட்டும் என்று பஸ் ஏறுவான். அங்கே பார்க்க ஆளில்லை என்றால் கையோடு கூட்டிவந்து, தான் குடியிருக்கும் ஒற்றை அறையில் ஒரு மூலையில் பாய் விரிப்பான். “உன் சம்பளச் சீட்டைக் காட்டு, பிறகு தாயை அழைத்து வா” என்று எந்தச் சர்க்காரும் அவனிடம் கேட்பதில்லை.

கனடாவில் கேட்கிறார்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பிய தமிழர்கள் பெருந்தொகையாகப் போய்ச் சேர்ந்த நாடு அது. தொழிற்சாலைகளிலும் ஓட்டல் சமையற்கட்டுகளிலும் துப்புரவு வேலையிலும் உழைத்து அவர்கள் அங்கே காலூன்றினார்கள். பஞ்சாபிகளும் பிலிப்பைன்ஸ்காரர்களும் அப்படியே போனார்கள். பெற்றோர் பலர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள மகனோ மகளோ ‘ஸ்பான்சர்’ ஆக வேண்டும். அதாவது, சர்க்காரிடம் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பிணையின் நிபந்தனைகளைப் பாருங்கள். 2014ல் சட்டத்தை இறுக்கினார்கள். முன்பு பத்து வருஷமாக இருந்த பொறுப்பு இருபது வருஷமாயிற்று. அதற்குள் கிழவனோ கிழவியோ சர்க்காரின் உதவித் தொகை வாங்கினால், அத்தனையையும் பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். வருமான வரம்பும் முப்பது சதவிகிதம் ஏறியது. அந்த வருமானத்தை ஒரு வருஷம் காட்டினால் போதாது, தொடர்ந்து மூன்று வருஷம் காட்ட வேண்டும். (கியூபெக் மாகாணத்துக்கு விதி வேறு.)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள், அழைக்க வேண்டிய தாய் தகப்பன் ஆக ஆறு பேர். 2023ம் வருஷத்துக்கு இந்தக் குடும்பம் காட்டவேண்டிய வருமானம் சுமார் 85,000 டாலர். அந்த வருஷம் அக்டோபரில் ஒண்டாரியோ மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 55 சென்ட். வாரம் நாற்பது மணி நேரம், வருஷத்தில் ஒரு வாரம்கூட விடாமல், புருஷனும் பெண்சாதியும் அந்தக் கூலிக்கு உழைத்தாலும் இருவருக்கும் சேர்த்து 68,848 டாலர்தான். பதினாறாயிரம் டாலர் துண்டு விழுகிறது! நடுவில் ஆலை கதவடைத்தால் அந்த வருஷம் போயிற்று. வேலையில்லாதபோது கிடைக்கும் சாதாரண உதவிப் பணம் வருமானக் கணக்கில் சேராது. பாங்கி அதிகாரிக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டா? அவர் வீட்டுத் தாய் வருவாள். அந்தப் பாங்கியைக் கூட்டிப் பெருக்குகிறவனுடைய தாய் வரமாட்டாள்.

இது அந்த நாட்டு ஆளும் வர்க்கத்துக்குப் புதிய புத்தியும் அல்ல. 1880களில் மேற்கு மலைகளைக் குடைந்து ரயில் பாதை போடச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தார்கள். பாதை முடிந்த 1885லேயே சீனர் தலைக்கு 50 டாலர் வரி போட்டார்கள். 1903ல் அது 500 டாலராயிற்று. 1923ல் கதவையே சாத்தி 1947 வரை திறக்கவில்லை. பெண்சாதி பிள்ளைகள் கடலுக்கு அப்பால், உழைக்கிற கை மட்டும் இங்கே. 2006ல் பிரதமர் ஹார்ப்பர் இதற்காகப் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். அதே ஹார்ப்பருடைய ஆட்சிதான் 2011ல் பெற்றோர் மனுக்களை வாங்குவதை நிறுத்தி, 2014ல் மேலே சொன்ன சட்டத்தையும் கொண்டுவந்தது!

2015ல் கன்சர்வேடிவ் கட்சி தோற்று லிபரல் கட்சி வந்தது. ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். வந்தது என்ன? 2017ல் குலுக்கல்! தாயைப் பார்க்க லாட்டரிச் சீட்டு! ஜனங்கள் கூச்சலிட்ட பிறகு, 2019 ஜனவரியில் ‘முந்தியவருக்கு முதலிடம்’ என்று கம்ப்யூட்டரில் மனு வாங்கினார்கள். 27,000 இடமும் ஏறத்தாழ பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோயின. மெஷினைவிட்டு நகர முடியாத ஷிப்டுத் தொழிலாளி அந்தப் பத்து நிமிஷத்துக்கு எங்கே போவான்? 2020ல் மறுபடியும் குலுக்கலுக்கே வந்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் போட்டார்கள். 2025 வரை அதே பழைய பெட்டியிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு தகுதி பெற்றவனுக்குப் பெட்டியில் சீட்டுப் போடவே வழி விடவில்லை.

‘சூப்பர் விசா இருக்கிறதே, வந்து ஐந்து வருஷம் தங்கலாமே’ என்கிறார்கள். தங்கலாம், விருந்தாளியாக. சர்க்கார் வைத்திய உதவி கிடையாது. ஒரு லட்சம் டாலருக்குத் தனியார் இன்ஷூரன்ஸ் வாங்கிக்கொண்டு வரவேண்டும். வயசாக வயசாக பிரீமியம் ஏறும். தாய்ப் பாசத்திலும் கம்பெனிக்கு லாபம்.

‘கிழவர்கள் வந்தால் ஆஸ்பத்திரிக்குச் சுமை’ என்பதுதான் அவர்கள் சொல்லும் பெரிய காரணம். அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஏழைகள் காத்துக்கிடப்பது உண்மை. அந்தக் கஷ்டத்தை நாம் சிறிதாகச் சொல்லமாட்டோம். ஆனால் டாக்டரும் நர்சும் படுக்கையும் போதாமல் வைத்தது யாழ்ப்பாணத்துக் கிழவியா? அவள் பெற்று, பாலூட்டி, படிக்கவைத்து, இருபது வயதில் உழைக்கத் தயாரான ஓர் ஆளை அந்த நாட்டுக்கு அனுப்பினாளே, அந்த வளர்ப்புச் செலவில் ஒரு சென்ட்டாவது அவர்கள் கொடுத்தார்களா? அவள் போய்ப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் மருமகள் வேலைக்குப் போகிறாள், வரி கட்டுகிறாள். அந்த உழைப்புக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

எல்லாக் கிழவர்களும் போகத் துடிக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆறு மாதப் பனியில் நாலு சுவருக்குள் இருப்பதைவிட ஊர்த் திண்ணையே மேல் என்கிறவர்கள் உண்டு. அதை அவர்களே சொல்லட்டும், குலுக்கல் பெட்டி சொல்ல வேண்டாம்.

வருமான வரம்பை எடுக்க வேண்டும். இருபது வருஷப் பிணையைக் குறைக்க வேண்டும். பெட்டியை உடைத்துப்போட்டு, மனுக் கொடுத்த வரிசைப்படி கூப்பிட வேண்டும். 2020ல் பெயர் போட்டபோது அறுபத்தெட்டு வயதாயிருந்த தாய்க்கு 2025ல் எழுபத்துமூன்று ஆகிவிட்டது.