ஸ்டைலா, எத்தனை கிலோ வேணும்?

உங்கள் பிள்ளை நன்றாகப் படம் வரைகிறதா? அப்படியானால் அதற்கு முதல் எதிரி நீங்கள்தான். கோபிக்காமல் மேலே படியுங்கள்.

பன்னிரண்டாவது முடித்ததும் என்ன செய்கிறீர்கள்? பேப்பரில் அரைப்பக்க விளம்பரம் பார்த்து, ஏஸி போட்ட ஏதோ ஓர் அனிமேஷன் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துப் போகிறீர்கள். டை கட்டிய பையன் ஒருவன் வழவழ பிரோஷரை நீட்டி, பதினைந்து சாஃப்ட்வேர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். ஃபீஸ் லட்சக்கணக்கில். தவணை உண்டு. ‘வேலை?’ என்கிறீர்கள். ‘நூறு பர்சன்ட் ப்ளேஸ்மென்ட் சார்!’ நீங்கள் கேட்க மறந்தது ஒன்று: ‘தம்பி, என் பொண்ணு இங்கே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பென்சில் பிடிப்பா?’ கேட்டுப் பாருங்கள். பையன் மேனேஜரைக் கூப்பிடப் போய்விடுவான்.

கையால் வரையும் அனிமேஷனில் முதல் பாடம், தரையில் விழுந்து எழும்பும் வெறும் பந்து. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதால், நொடிக்கு 12 படங்கள் வரைந்தால் போதும். பந்து மேலே போகப் போக வேகம் குறைகிறது. ஆகவே உச்சியில் படங்கள் நெருக்கமாக விழ வேண்டும். கீழே இறங்க இறங்க இடைவெளி கூட வேண்டும். தரையைத் தொடுமுன் கொஞ்சம் நீளும், தொட்டதும் நசுங்கும். நசுங்கினாலும் மொத்தக் கன அளவு மாறக்கூடாது. மாறினால் அது காற்றுப் போன பலூன். அதே வட்டத்தை ரப்பர் பந்தாக, கிரிக்கெட் பந்தாக, பிங்பாங் பந்தாகக் குதிக்க வைக்கச் சொல்லுங்கள். வேர்த்துவிடும். இடையில் வரும் படங்களை சாஃப்ட்வேர் நிரப்பிக் கொடுக்கும், வாஸ்தவம். எங்கே நெருக்க வேண்டும், எங்கே விலக்க வேண்டும் என்பதை, நிஜப் பந்தை உற்றுப் பார்த்த யாரோ ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

பந்துக்கு அப்புறம் நடை. கால் தரையைத் தொடுவது, உடம்பு தாழ்வது, ஒரு கால் இன்னொன்றைத் தாண்டுவது, உடம்பு உயர்வது என்று நாலு நிலைகள். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடும். ரேஷன் கடையிலிருந்து பத்து கிலோ அரிசிப் பையை ஒற்றைக் கையில் தூக்கி வரும் அம்மாவைப் பாருங்கள். உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. காலியான கை துடுப்பு மாதிரி வெளியே நீள்கிறது. அடி சின்னதாகிறது. வீட்டுப் படி ஏறுமுன் ஒரு கணம் நின்று பையைக் கை மாற்றுகிறாள். அந்தக் கை மாற்றுவதை வரைய முடிந்த பெண்ணுக்கு ஸ்டைல் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ‘எனக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும் அங்கிள்’ என்கிறார்கள். என்னமோ சரவணா ஸ்டோர்ஸில் மடித்து வைத்திருக்கிற மாதிரி! நோட்டைப் புரட்டினால் முகத்தில் பாதி கண், ஒரு புள்ளி மூக்கு, முள்முள்ளாக முடி. ஜப்பான் சரக்கு, அதுவும் மூன்றாம் கை. இதை விற்க ஒரு நாள், இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்புகள் வேறு.

காப்பி அடிப்பது பாவம் என்று சொல்லவில்லை. எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஜப்பானின் ஹயாவோ மியாசாகியும் அப்படித்தான். இளம் வயதில், தன் படங்களில் ஒசாமு தெசுகாவின் சாயல் அடிப்பதை உணர்ந்ததும், வரைந்து சேர்த்ததையெல்லாம் கொளுத்திவிட்டு அடிப்படைப் பயிற்சிக்குத் திரும்பியதாக அவரே எழுதியிருக்கிறார். 1963-ல் தோயே ஸ்டூடியோவில் சேர்ந்தபோது கிடைத்த வேலை, பெரியவர்கள் வரைந்த முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் படங்களை வரைவது. அடுத்தவன் கோட்டுக்கு நடுவே கோடு! அந்த மனிதரின் முத்திரையைத்தான் இன்று உலகம் முழுக்க மோப்பம் பிடிக்கிறது.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? கோபுலு. பக்கவாதத்தில் வலது கை முடங்கிய பிறகு அவர் இடது கையால் வரையப் பழகினார். ஸ்டைல் விரலில் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்க வேண்டுமே சார்? எத்தனை கல்யாண வீடுகளை, எத்தனை கச்சேரிகளை, எத்தனை பட்டணத்து மாமிகளைப் பார்த்து வைத்த கண் அது!

2025 மார்ச்சில் நீங்களும் செய்தீர்கள், மறுக்காதீர்கள். மாமியார், மச்சினி, பக்கத்து வீட்டு நாய் வரை எல்லோரையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்து ‘கிப்லி ஸ்டைல்’ ஆக்கி, வாட்ஸப்பில் முகப்புப் படம் வைத்தீர்கள். ஐம்பது அறுபது வருடம் ஒருவர் உட்கார்ந்து தேய்த்த பென்சில், உங்களுக்கு முப்பது செகண்ட் பவுடர் பூச்சு. அப்போது எல்லோரும் மியாசாகி சொன்னதாக ஒன்றைப் பரப்பினார்கள்: இது உயிருக்கே அவமானம் என்று. அவர் அதைச் சொன்னது 2016-ல், வேறொரு விஷயத்துக்கு. தலையைக் காலாக்கித் தரையில் நெளிந்து ஊர்கிற ஓர் உருவத்தை, கம்ப்யூட்டர் தானே கற்று அசைத்தது என்று இளைஞர்கள் அவரிடம் பெருமையாகக் காட்டினார்கள். அவருக்கு ஞாபகம் வந்தது உடல் ஊனமுற்ற தன் நண்பர். கையைத் தூக்குவதற்கே சிரமப்படுகிறவர். வலி என்றால் என்னவென்று யோசிக்காதவர்கள் செய்தது இது என்பதுதான் அவர் கோபம். அரிசிப் பை அம்மாவைப் பார்க்காதவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபமும் கிட்டத்தட்ட அதே ஜாதி.

‘சோறு போடுமா?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. கையால் வரைந்து முழுப்படம் எடுக்கிற வேலை இந்தியாவில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். டிஸ்னியே 2004-ல் ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ படத்தோடு பென்சிலைக் கீழே வைத்து, 2009-ல் ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ எடுக்க மறுபடி கையில் எடுத்தது. ஆனால் ஸ்டோரிபோர்டு போடவும், பாத்திரத்துக்கு உருவம் கொடுக்கவும் எந்த ஸ்டூடியோவிலும் வரையத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். சாஃப்ட்வேர் மட்டும் கற்றவர் கதை? 2000-களில் ‘ஃப்ளாஷ் படிச்சா போதும்’ என்று தெருவுக்குத் தெரு போர்டு வைத்தார்கள். ஃப்ளாஷ் ப்ளேயருக்கு 2020 டிசம்பரோடு அடோபி மங்களம் பாடிவிட்டது. பந்து இன்னும் அதே மாதிரிதான் குதிக்கிறது.

ஆகவே அந்த லட்சத்தை பாங்கியிலேயே விட்டுவையுங்கள். இப்போதைக்கு ஒரு ரீம் காகிதம், பென்சில், ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுங்கள். ரீமில் 500 தாள். நொடிக்கு 12 என்றால் 41 நொடிப் படத்துக்கு வரும். காலியானதும் ‘அதுக்குள்ளயா?’ என்று கத்தாமல் இன்னொரு ரீம். சாயங்காலம் நீங்கள் ஆபீஸிலிருந்து வரும்போது பிள்ளை வாசலில் உட்கார்ந்து உங்கள் நடையையே பார்த்தால், தொந்தியை எக்கிக்கொண்டு நடக்காதீர்கள். அப்புறம், அது வரைகிற அறையில் ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.