பச்சோந்தியை வீட்டில் வளர்க்கலாமா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில், மல்லாட்டைக் கொல்லை ஓரத்து வேலிகளில் சிறுவர்கள் கையில் சில சமயம் ஒரு விசித்திரப் பிராணி அகப்படுகிறது. அதுதான் பச்சோந்தி. "கூண்டில் வைத்து வளர்க்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "விஷ ஜந்து, அடித்துப் போடு" என்கிறார்கள் பெரியவர்கள் சிலர். இரண்டும் தவறு. பச்சோந்தி வளர்ப்பதற்கும் உரியதல்ல, அடிப்பதற்கும் உரியதல்ல.

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு

வேலியில் விறுவிறு என்று ஓடுவது ஓணான். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். அதைப் பார்த்து, "இரத்தம் உறிஞ்சுகிறது" என்று கதை கட்டினார்கள். பச்சோந்தி ஓடாது, காற்றில் ஆடும் இலையைப் போல் அசைந்து அசைந்து நடக்கும்.

இதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, இடுக்கி போலக் கிளையைப் பற்றுகின்றன. ஒரு கண் முன்னே பார்க்கும்போது மற்றொரு கண் பின்னே பார்க்கும். பூச்சியைக் கண்டால் நாக்கு மின்னல் வேகத்தில் பாய்ந்து ஒட்டி இழுத்து வரும். இதற்கு விஷம் கிடையாது. இந்தியாவில் உள்ள பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். அதே இனம் இலங்கையிலும் உண்டு.

இடத்துக்கு ஏற்றபடியெல்லாம் இது நிறம் மாறிக் கொள்ளும் என்பது பாதி உண்மையே. வெயில், குளிர், கோபம், பயம் ஆகியவையே முக்கிய காரணங்கள். மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் நெருங்குவதாலும் விலகுவதாலும் நிறம் மாறுகிறது என்று 2015-ல் அறிவித்தார்கள். கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று ஏசுவது வழக்கம். பச்சோந்தியோ ஆதாயத்துக்காக நிறம் மாறுவதில்லை!

கூண்டில் ஏன் பிழைக்காது?

கிளிக்குப் பழம், நாய்க்குச் சோறு என்று போடுவதுபோல் பச்சோந்திக்கு எதையும் தட்டில் வைக்க முடியாது. உயிரோடு அசையும் வெட்டுக்கிளியும் ஈயும் தினமும் வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அது தண்ணீர் என்றே பெரும்பாலும் அதற்குத் தெரியாது. இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் தாகம் தீர்த்துக் கொள்ளும். நேர் வெயில் படாவிட்டால் எலும்பு வலுவிழந்து வளையும்.

கையில் எடுத்துக் கொஞ்சினால் பச்சோந்தி மகிழ்வதில்லை. வாயைப் பிளக்கும், சீறும், கருத்துப் போகும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டுகிறார்கள். அவர்கள் வேடிக்கை என்று நினைப்பது அந்தப் பிராணியின் பயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. 'அன்பாகத்தான் வளர்த்தேன்' என்ற சமாதானம் செல்லாது.

அமெரிக்கா கற்ற பாடம்

அன்பினாலும் ஓர் இனம் அழியக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் சாட்சி. அங்கே தலையில் கொம்புகளுடன் ஓர் ஓணான் உண்டு. பகை வந்தால் கண்ணிலிருந்து இரத்தத்தைப் பீச்சி விரட்டும். அதன் முக்கிய உணவு ஒரு வகை எறும்பு. விந்தைப் பிராணி என்று அதைப் பிடித்து விற்றார்கள். ஊர் ஊராக வாங்கிச் சென்றார்கள். அந்த எறும்பு கிடைக்காத வீடுகளில் அவை பட்டினியால் மடிந்தன. நிலங்களின் மாற்றமும், வெளிநாட்டிலிருந்து வந்த நெருப்பு எறும்பும், பூச்சி மருந்தும் சேர்ந்து கொண்டன. 1977-ல் அதை ஆபத்துக்குள்ளான பிராணிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. 1993-ல் மாநிலத்தின் அடையாளப் பிராணி என்ற பெருமையும் கொடுத்தார்கள். பெருமை கொடுத்தபோது, முன்பு அது சாதாரணமாகத் திரிந்த பல ஊர்களில் அதைக் காணவில்லை.

வேலியே அதன் வீடு

அந்த நிலை இங்கே வரக்கூடாது. புளியங்காடு என்ற பொருளில் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊர் திண்டிவனம். அந்த வட்டாரத்தில் உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பிவேலி வந்தால் பச்சோந்திக்கு வீடு போகிறது. பயிருக்கு அளவின்றி மருந்தடித்தால் உணவு போகிறது. முட்டையிட மண்ணைத் தேடித் தரையில் இறங்கும் தாய், சாலையைக் கடக்கும்போது சக்கரத்தில் சிக்குகிறது. ஒரு தாய் போனால், அது மண்ணில் புதைத்திருக்கக்கூடிய பத்து, இருபது முட்டைகளும் போகின்றன.

சாலையில் பச்சோந்தியைக் கண்டால், வாகனம் வராத நேரம் பார்த்து, ஒரு குச்சியில் ஏறவிட்டு, அது போகும் திசையிலேயே செடியில் சேர்க்கலாம். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கிணற்றடி வேலியில் நாலு செடிகளை விட்டு வைத்தால், செலவில்லாமலே பூச்சி தின்னும் வேலையாள் கிடைப்பான்.

பச்சோந்தியிடம் ஆசை உள்ள பிள்ளையைப் பெற்றோர் கடிந்து கொள்ள வேண்டியதில்லை. வேலியோரம் அழைத்துச் சென்று, எட்டி நின்று பார்க்கக் கற்றுக் கொடுத்தால் போதும். கூண்டில் வைத்தால் சில நாள் வேடிக்கை. வேலியில் விட்டால் அந்தப் பிள்ளையின் பிள்ளையும் அதைப் பார்ப்பான்.