திருத்த முடியாததாக்கியது யார்?

"திருத்துவதை விடப் புதிதாக வாங்குவதே இலாபம்." மடிக்கணனி பழுதடைந்தால் சாய்ந்தமருது முதல் கொழும்பு வரை நாம் கேட்கும் தீர்ப்பு இதுதான். இதனை எழுதியவர் திருத்துநர் அல்லர்; உற்பத்தியாளரே.

முன்னர் மடிக்கணனியின் பற்றரியைக் கழற்றக் கைவிரல்களே போதும். 2008இல் வெளிவந்த மக்புக் எயாரில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2012இன் ரெட்டினா மக்புக் புரோவில் பற்றரியும் பசையால் ஒட்டப்பட்டது. மற்றைய நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. மெல்லியது என்று புகழ்ந்து விற்றார்கள். திருத்தும் வழியை அடைத்தார்கள்.

கடலோரத்தில் வாழும் எமக்கு இது பெருஞ்சுமை. உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, பிள்ளையின் படிப்புக்குப் புதிய கணனி வாங்க எத்தனை பெற்றோரால் இயன்றது?

எம்மவரிடம் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. உதிரிப்பாகங்களுக்கும் சுற்று வரைபடங்களுக்குமே பஞ்சம். அவற்றை வெளித் திருத்துநருக்கும் வழங்குமாறு அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 2024இல் சட்டமியற்றியது. பாவனையாளரே பற்றரியைக் கழற்றத்தக்க வகையில் பொருட்கள் அமைய வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்தது. 2027 பெப்ரவரி அதற்கான தவணை.

எமது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இல் வந்தது. இக்கடப்பாடுகளை அதிலே சேர்க்குமாறு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் குரலெழுப்பட்டும். வாக்குக் கேட்டு வரும்போது நாமும் இதனைக் கேட்போம்.