நோர்மல்தான் அங்கிள்

"நோர்மல்தான் அங்கிள். புது பம்ப் போட்டா கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும்."

சர்வீஸ் செண்டர் கவுண்டரில் அந்தப் பையன் இதைச் சொன்னபோது அப்பா தலையாட்டினார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். எட்டு வருடமாக இலக்கியம் வாசிப்பவன், மொழியின் அதிகாரம் பற்றி மேடையில் இருபது நிமிடம் பேசியவன். நானும் தலையாட்டினேன். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீடு சுங்கை காடுட்டில். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் சிரம்பானில் டயாலிசிஸ். காடி வாங்கியதே அதற்காகத்தான். இன்ஜின் சூடேறுகிறது என்று கொண்டுபோய் விட்டோம். வாட்டர் பம்ப்பை மாற்றினார்கள், 640 வெள்ளி. பதினொன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர் குறைந்தது. இரண்டாம் முறை, "உள்ளே காத்து அடைச்சிருக்கு" என்றார்கள். தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார்கள், 210 வெள்ளி. மூன்றாம் முறை கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "எரர் கோட் ஒண்ணும் இல்ல அங்கிள், நோர்மல்தான்."

அடுத்த வாரம் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், ராசா பக்கம் காடி நின்றது. பானெட்டிலிருந்து ஆவி. டயாலிசிஸ் முடித்த உடம்பு எப்படி இருக்கும் என்று வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும். ரத்த அழுத்தம் இறங்கி, கால் நடுங்கி, வாய் வறண்டு, ஆனால் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். அம்மா ஐம்பது நிமிடம் பஸ் ஸ்டாப்பில் சாய்ந்து கிடந்தார்.

காடியைத் தாமான் பட்டறைக்கு இழுத்துப் போனோம். ஃபோர்மேன் எண்ணெய் மூடியைத் திறந்து எங்களிடம் காட்டினார். உள்ளே தே தாரேக் நிறம். "ஹெட் கேஸ்கெட் போச்சு அண்ணே. தண்ணியும் எண்ணெயும் கலந்துடுச்சு." பிறகு பம்ப்பைக் கழற்றினார். பழைய கேஸ்கெட்டின் துணுக்குகள் இன்ஜின் முகத்தில் ஒட்டியபடியே இருந்தன. சுரண்டிச் சுத்தம் செய்யாமல் அதன்மேலேயே புதியதை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அந்த மயிரிழை இடைவெளியில்தான் வாரக்கணக்கில் தண்ணீர் கசிந்திருக்கிறது. பதினைந்து நிமிட வேலையை மிச்சம் பிடித்ததால், ஹெட்டைக் கழற்றி, தேய்த்து, மாட்ட எங்களுக்கு 1,900 வெள்ளி. இன்றைக்கும் மேடேறும்போது இன்ஜின் பழைய மாதிரி இழுப்பதில்லை. ஒருமுறை கொதித்த இன்ஜின் அதை மறப்பதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. சென்சார் கண்காணிப்பதை மட்டும்தான் அது சொல்லும். சொட்டுச் சொட்டாகக் கசியும் தண்ணீருக்குக் கோட் கிடையாது. அதைப் பார்க்கக் கண் வேண்டும், டார்ச் லைட் வேண்டும், குனிய முதுகு வேண்டும். 'கோட் இல்லை' என்பதை 'பழுது இல்லை' என்று மொழிபெயர்த்தது மனிதன்.

ஆனால் என்னை உறுத்துவது கேஸ்கெட் அல்ல. வேலைத்தாள். முதல் நாள் அப்பா சொன்னது இது: "தண்ணி கொறையுது தம்பி, மேடு ஏறினா முள்ளு செவப்புக்குப் போவுது." பையன் தாளில் எழுதியது: 'ஜெனரல் செக்'. மூன்று தாள்களிலும் அதுதான். மூன்றிலும் கீழே அப்பாவின் கையெழுத்து. அதாவது தாளின்படி எங்கள் காடிக்கு எந்தக் கோளாறும் வந்ததே இல்லை. தாளில் இல்லாத கோளாறை அவர்கள் சரிசெய்யத் தவறவும் இல்லை.

இந்தக் காட்சியை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம். பாட்டி பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கிராணி எழுதுவார். எழுதியதுதான் கூலி. கருவியைப் படிக்கத் தெரியாத பாட்டி தலையாட்டிவிட்டு வாளியைக் கழுவப் போவார். லயம் போய்விட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுத, இந்தப் பக்கம் நிற்பவர் தலையாட்டுவது மட்டும் குளிர்சாதன அறைக்கு மாறியிருக்கிறது.

அந்தப் பையனும் நம்ம வீட்டுப் பையன்தான். ஒரு நாளைக்கு இத்தனை காடி முடிக்க வேண்டும் என்று அவன் தலைக்குமேல் கணக்கு தொங்குகிறது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் நம் ஆட்கள்மேல்தான்.

முதலாவது, 'போனா போவுது' கட்சி. விட்டுக்கொடுப்பதைப் பண்பாடாக்கி வைத்திருக்கிறார்கள். போனது யாருடைய காசு? அடுத்து அதே கவுண்டரில் நிற்கப் போகும் இன்னொரு அங்கிளின் காசும்தான்.

இரண்டாவது, 'வைரல் பண்ணு மச்சான்' கட்சி. வைரலானால் என்ன நடக்கும்? மேனேஜர் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, இலவச சர்வீஸ் கூப்பன் தருவார். வீடியோ காணாமல் போகும். வேலைத்தாளில் மறுநாளும் 'ஜெனரல் செக்' என்றே எழுதப்படும்.

மூன்றாவது, என் இலக்கிய நண்பர்கள். "இதெல்லாம் எழுதுற விஷயமா?" என்று கேட்டார் ஒருவர். பாட்டி ஏமாந்த கதையைச் சிறுகதையாக எழுதினால் பரிசு கொடுப்போம். அப்பா ஏமாறும்போது பாரம் நிரப்ப உதவ மாட்டோம். துயரம் ஐம்பது வருடம் பழையதானால்தான் நமக்கு இலக்கியம்.

சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தருவோம் என்ற உத்தரவாதம், யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு பில்லிலும் உண்டு என்கிறது அதன் 53ஆம் பிரிவு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம். ஒரு பாரம், ஐந்து வெள்ளி கட்டணம். இரு தரப்பும் வழக்கறிஞர் வைக்க முடியாது. தீர்ப்பைப் பதினான்கு நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து 'எலுமிச்சைச் சட்டம்' இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. அதுபோல் இங்கேயும் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறோம். கேட்போம். ஆனால் கையில் இருப்பதை யார் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். திரும்பத் திரும்பப் பழுதான ஒரு மெர்சிடிஸ் பென்ஸுக்காகப் புஞ்சாக் நியாகா என்ற தண்ணீர் நிறுவனம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2011இல் நீதிமன்றம் அதையும் 'பயனீட்டாளர்' என்று ஏற்றது. கம்பெனிக்காரன் தன்னைப் பயனீட்டாளன் என்று வாதாடி ஜெயிக்கிறான். உண்மையான பயனீட்டாளர்களான நாம் கவுண்டரில் உதவி கேட்டு வந்தவர்கள்போல நிற்கிறோம்.

நாங்கள் பாரத்தை நிரப்பினோம். சாட்சி எங்கே என்று நான் திணறியபோது அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். தோட்டத்துக் கடைகளில் கடன் எழுதிய அதே குட்டிப் புத்தகம். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர், பம்ப் மாற்றிய நாளிலிருந்து ஒரு வரி விடாமல். லோரிக்காரர் பழக்கம். மூன்று முறை தலையாட்டிய மனிதர் வீட்டுக்கு வந்து முப்பத்தியேழு வரி எழுதியிருந்தார். படித்தவன் நான் எழுதியது பூஜ்யம்.

விசாரணையில் எதிர்த்தரப்பு மூன்று வேலைத்தாள்களை வைத்தது. அப்பா 555ஐ வைத்தார். பட்டறையில் ஃபோர்மேன் எடுத்த படங்களும் இருந்தன. கேட்டதில் பாதிக்குமேல் கிடைத்தது. முழுசாகக் கிடைக்கவில்லை. ஹெட்டை ஏன் உடனே அவர்களிடமே கொண்டுவரவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் காடியை எடுத்திருக்க வேண்டும்.

இப்போது அப்பா கவுண்டரில் கையெழுத்துப் போடுவதற்குமுன் தாளைத் தன் பக்கம் திருப்புகிறார். போன மாதம் பிரேக் சத்தத்துக்காகப் போயிருந்தோம். பையன் வழக்கம்போல 'ஜெனரல் செக்' என்று எழுதினான். அப்பா சத்தம் போடவில்லை.

"தம்பி, நான் சொன்னத எழுது. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு."

பின்னால் வரிசையில் நின்ற நால்வர் பொறுமையிழந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். பையன் அடித்துவிட்டு எழுதினான்.