ஐ.என்.எஸ். சென்னை: 32 போதுமா?

நம்ம தலைநகர் பெயரில் ஒரு நாசகாரிப் போர்க்கப்பல் இருப்பது பெருமைதான். மும்பை மசகான் தளத்தில் கட்டிய ஐ.என்.எஸ். சென்னை, 2016 நவம்பர் 21 அன்று கடற்படையில் சேர்ந்தது. சோமாலியா அருகே கொள்ளையர்கள் ஏறிய ‘லீலா நார்ஃபோக்’ சரக்குக் கப்பலுக்கு 2024 ஜனவரியில் உதவிக்குப் போய், 21 மாலுமிகளையும் பத்திரமாக மீட்டதும் இதுதான்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. சுமார் 7,500 டன் எடையுள்ள இந்தக் கப்பலில், வானில் வரும் எதிரியை அடிக்க இருப்பது 32 பராக்-8 ஏவுகணைகள். ஏறத்தாழ இதே அளவுள்ள பிரான்சின் ஃபோர்பின் கப்பலில் 48 ஆஸ்டர்!

காரணம் இருக்கிறது. ஃபோர்பினின் முக்கிய வேலை விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவல் நிற்பது. எதிரிக் கப்பலை அடிக்க அதில் 8 எக்சோசெட்தான். சென்னையிலோ 16 பிரமோஸ். அவர்கள் தடுப்பதில் முதல் போட்டார்கள், நாம் அடிப்பதில் போட்டோம். கிடங்கில் இடம் கொஞ்சம்தான், எந்தச் சரக்கை அடுக்குவது? காமர்ஸ் படிக்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

ஆனால் சந்தை மாறிவிட்டதே. 2023 டிசம்பரில் செங்கடலில், ஹூதிகளின் மலிவான ட்ரோன்களை வீழ்த்த பிரெஞ்சுக் கப்பல் ஒன்று விலையுயர்ந்த ஆஸ்டரைச் செலவழித்தது. இருப்பு தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்புவது லேசல்ல, துறைமுகம் திரும்ப வேண்டும்.

2021 முதல் 2025 வரை சேர்ந்த விசாகப்பட்டினம் வகைக் கப்பல்கள் நான்கிலும் அதே 32தான். அடுத்த வகையிலாவது இதைக் கூட்ட வேண்டும். மலிவான ட்ரோனுக்குப் பீரங்கி, தூரத்து ஏவுகணைக்குப் பராக் என்று கணக்குப் பார்த்துச் செலவழிக்கவும் வேண்டும். 16 பிரமோஸை ஏவ, முதலில் கப்பல் மிதக்க வேண்டுமே!