முப்பது வருஷம் கழித்து வரும் பில்

கணக்குப் பிரிவிலேயே 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். எந்தச் செலவைப் பார்த்தாலும் இது யார் தலையில் எழுதப்படுகிறது என்றுதான் புத்தி போகும். வேலையால் வரும் புற்றுநோய் விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பாக எழுதப்படுகிறது என்பது என் கட்சி.

கல்நாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்கிறோமே, அதில் சிமெண்டோடு கலப்பது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போய் புற்றுநோயாக வெளியே வர 20, 30, ஏன் 40 வருஷம்கூட ஆகும். இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கும். அதற்குள் அவர் பி.எஃப். பணமெல்லாம் வாங்கி, கம்பெனி பேரேட்டில் அவர் கணக்கை மூடியிருப்பார்கள்.

அப்புறம் பில் யாருக்கு? முதலில் குடும்பத்துக்கு. ஸ்கேன், பயாப்ஸி, பஸ் செலவு, துணைக்கு இருக்கும் மகனுக்குச் சம்பள வெட்டு. கடைசியில் வீட்டம்மா கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். மீதி அரசு ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டு அட்டையிலும், அதாவது நம் வரிப்பணத்தில். ஷீட் மட்டும் ஓட்டைவிட மலிவாம்!

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளருக்கு இழப்பீடு தரும் சட்டத்தின் அட்டவணையில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் காண்ட்ராக்ட் ஆளுக்குப் பதிவேட்டை யார் எழுதி வைத்தார்கள்? புருஷனின் வேலைத் துணியை உதறித் துவைத்தே இந்த நோய் வாங்கிக்கொண்ட பெண்கள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் பெயர் எந்த மஸ்டர் ரோலில் இருக்கும்?

ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம். தடை வரும்வரை, கட்டடத் தொழிலாளர் நலனுக்கு 1 சதவீதம் செஸ் பிடிக்கிறார்களே, அதுபோல ஷீட் விற்கும்போதே பிடித்து வைத்தால் என்ன? பின்னால் வரும் வைத்தியச் செலவும் அந்த ஷீட்டின் விலைதானே?

இன்னொன்று. பீடி பழக்கம் உண்டா என்று கேட்கும் டாக்டர், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பது அபூர்வம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நஷ்ட ஈடு கேட்பதற்கு அதுதான் முதல் காகிதம். பழைய இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.